ரெஜிஸின் இருமல்

நாலாவது முறையும் ரெஜிஸ் இருமினார்.

பதிவு நின்று சிவப்பு விளக்கு அணைந்தது. குழுவை நடத்தும் மேஸ்ட்ரோ திபோ கையிலிருந்த குச்சியை இசைத்தாள் தாங்கியின் மேல் வீசினார்.

"யாரு?"

தப்புச் செய்தவர் தானே கையைத் தூக்கிவிட வேண்டும் என்பது வாத்தியக் குழுவில் எழுதாத சட்டம். முதல் புல்லாங்குழல்காரர் ரெஜிஸ் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கையைத் தூக்கினார்.

"மன்னிச்சுக்கங்க மேஸ்ட்ரோ. தொண்டை."

பக்கத்து நாற்காலியில் ஓபோ என்ற ஊதுகுழலுடன் இருந்த நோயெமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லீல் நகருக்கு வெளியே, பழைய சர்க்கரை ஆலை ஒன்றில் ஒலிப்பதிவு. 'உப்புத் தீவு' என்ற பாலேயின் இசை. எழுதியவர் பெயரைச் சொன்னால் பிரான்சிலேயே 'யாரது?' என்பார்கள். பாரிஸில் ஒரு வாரம்கூட ஓடாமல் மூட்டை கட்டிய பாலே அது. நடனத்தை மறந்துவிட்டார்கள், இசை மட்டும் ஏதோ நூலகத்தில் தூசியோடு கிடந்தது. இசைத்தட்டாக வருவது இதுதான் முதல் தடவை.

அதில் தீவை விட்டுப் போகிற பெண் கரையைத் திரும்பிப் பார்க்கும் இடம் ஓபோவுக்கு. மற்ற வாத்தியமெல்லாம் அடங்கிவிடும். ஓபோ மட்டும் ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்து நிற்கும். சொல்லி வைத்தாற்போல அந்த ஸ்வரத்தில்தான் மனிதருக்கு இருமல் வருகிறது!

நோயெமிக்கு அது பிழைப்பு விஷயம். அவளுடைய ஒரு வருஷச் சோதனைக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று மேஸ்ட்ரோ இந்தப் பதிவைக் கேட்டுத்தான் சொல்லப்போகிறார். ஓபோ விஷயத்தில் அவர் படு கறார். மொத்தக் குழுவும் ஓபோவைக் கேட்டுத்தானே சுருதி சேர்க்கிறது!

இடைவேளையில் காபி இயந்திரத்தின் முன்னால் ரெஜிஸைப் பிடித்துக்கொண்டாள்.

"உடம்பு முடியலைன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே?"

"இன்னியோட ஓய்வு. நாளையிலேருந்து வீட்டுலதானே கண்ணு இருக்கப்போறேன்."

"சாயங்காலம் உங்க புல்லாங்குழல் தனியா வரும்ல? அப்ப நான் இருமட்டுமா?"

"தாராளமா இருமேன்," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கெடுத்தது. இவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ரெஜிஸின் இருபது வருஷத் தோழர். அவர் இடத்தில் நேற்று வந்தவள் உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை போல. போகிற போக்கில் கவிழ்த்துவிட்டுப் போகப் பார்க்கிறார்!

எல்லாரும் இடத்துக்கு வந்ததும் நோயெமி எழுந்து நின்றாள்.

"மேஸ்ட்ரோ, இவர் பக்கத்துல இருந்தா என்னால வாசிக்க முடியாது. வேணும்னே பண்றார்."

"வேணும்னேவா?" என்றார் மேஸ்ட்ரோ.

ரெஜிஸ் மறுக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பதிவு அறையிலிருந்த ஒலிப்பதிவாளர் ஒதீலின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "மேஸ்ட்ரோ, ஒரு நிமிஷம்..."

ரெஜிஸ் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணுமில்லை," என்றாள் ஒதீல்.

"நீங்க கிளம்பலாம் ரெஜிஸ். ரெண்டாவது புல்லாங்குழல் பாத்துக்கும்," என்றார் மேஸ்ட்ரோ.

"சாயங்காலமுமா மேஸ்ட்ரோ?"

"சாயங்காலமும்."

அவர் புல்லாங்குழலைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். போகும்போது நோயெமியிடம் குனிந்து, "இப்ப நல்லா வந்துடுச்சு கண்ணு. பயப்படாம வாசி," என்றார். நக்கல்! அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த முறை இருமல் இல்லை. நீண்ட ஸ்வரம் இழை பிசகாமல் நின்றது. வயலின்காரர்கள் வில்லால் தாங்கியைத் தட்டிப் பாராட்டினார்கள்.

"வாழ்த்துகள்," என்றார் மேஸ்ட்ரோ. "இனிமே எங்க சுருதி உன் கையில."

சாயங்காலம் ரெஜிஸ் வாசிக்க வேண்டியதை இரண்டாவது புல்லாங்குழல் வாசித்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் கிளம்பும் நேரத்தில் நோயெமி ஒயின் கோப்பையும் கையுமாகப் பதிவு அறைக்குள் வந்தாள்.

"ஒதீல், அந்த இருமலையெல்லாம் ஒரு தடவை போடுங்களேன். சிரிச்சுட்டுப் போறேன்."

ஒதீல் சிரிக்காமல் பொத்தானை அழுத்தினாள்.

நீண்ட ஸ்வரம் தொடங்கியது. ஒரு கணம் நேராக நின்றது. பிறகு மெல்ல, மிக மெல்ல, சுருதியை விட்டு மேலே ஏறத் தொடங்கியது. உடனே இருமல்.

அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

நோயெமி கோப்பையைக் கீழே வைத்தாள். "இது... நானா?"

"நீதான். பயத்துல உதடு இறுகினா ஸ்வரம் ஏறும். ஊதறவங்களுக்குத் தெரியாது, பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் முதல்ல கேக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த ஏத்தம் கொஞ்சம் கொஞ்சமா அடங்கியிருக்கு பாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா இன்னும் இறுகியிருப்ப."

நோயெமி ரெஜிஸைத் தொலைபேசியில் அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதரின் கடைசி வாசிப்பை வாயாலேயே பிடுங்கிவிட்டோமே!

"நீங்களாவது அப்பவே எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லியிருக்கலாமே ஒதீல்!" என்று வெடித்தாள்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மேஸ்ட்ரோ காதுல விழுந்தா உன் வேலை போயிடும்னு ரெஜிஸ்தான் கண்ணாலேயே என்னைத் தடுத்துட்டார்."