கண்ணின் உயரம்

அவன் நட்சத்திரத்தை, அதன் உயரம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியின் கண்ணாடிக்குள் பிடித்து, மெல்லக் கீழே இறக்கி, கடலும் வானமும் தொடும் கடற்கோட்டின்மேல் உட்கார வைத்தான்.

"இப்போ."

மாலுமி கஸ்பார் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார்.

அதே நட்சத்திரம், மறுபடி. மறுபடி.

ஒரு தடவை எடுத்ததை நம்பக் கூடாது. படகு ஆடும், கை ஆடும். பல தடவை எடுத்துச் சராசரி பார்த்தால்தான் பிசகு குறையும்.

கப்பல் முந்தாநாள் மூழ்கிவிட்டது. அதிகாரிகளில் அவன் ஒருவன்தான் மிச்சம். உயிர்ப்படகில் அவனோடு சேர்த்துப் பதினோரு பேர்.

ரேடியோ பேட்டரி இன்னும் ஒரே ஒரு தடவை பேசத் தாங்கும். இருக்கும் இடத்தைச் சரியாகச் சொன்னால் காலையில் விமானம் வரும். தப்பாகச் சொன்னால் அவ்வளவுதான்.

மேற்கே ஒரே மேகம். கிழக்கில் மட்டும் நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. இருட்டிக் கடற்கோடு மறைவதற்குள் நான்கையும் எடுத்துவிட்டான்.

கணக்குப் போட்டான். நட்சத்திரத்துக்கு ஒன்றாக வரைந்த நான்கு கோடுகளும் ஒரே புள்ளியில் வந்து விழுந்தன.

அடேயப்பா! கப்பலில்கூட அவனுக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

பேசினான். கரையில் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பேட்டரி செத்தது.

முகம் கழுவலாம் என்று கையை நீட்டினான். நீட்ட வேண்டியே இருக்கவில்லை. தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது.

பார்க்கிறவன் கண் கடலுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதற்குத் தக்கபடி அளந்த உயரத்திலிருந்து கழிக்க வேண்டும். அவன் கப்பலின் மேல்தளத்து உயரத்துக்குக் கழித்திருந்தான். பழக்கதோஷம். அந்த மேல்தளம் கடலுக்கடியில் கிடக்கிறது.

நான்கிலும் அதே பிசகு. நான்கும் ஒரே பக்கத்து நட்சத்திரங்கள். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

அதிகமாகக் கழித்ததில் கிழக்கு நட்சத்திரங்கள் தாழ்ந்துபோய், மேற்கே ஏழு மைல் தள்ளிச் சொல்லியிருக்கிறான். அடப் பாவி.

சொல்லித் தொலைத்திருக்கலாம். ராத்திரி முழுக்க மேற்கே துடுப்புப் போட்டிருக்கலாம். ஆனால் கஸ்பார் மிச்சமிருந்த குடிதண்ணீரை எல்லாருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். அதுதான் காலையில் வந்துவிடுவார்களே! ஒருத்தன் சிரித்தான், எத்தனையோ நேரத்துக்குப் பிறகு.

அவனும் தன் பங்கை வாங்கிக் குடித்தான்.

விடிந்ததும் விமானம் வந்தது. மேற்கே, கொசு அளவுக்கு.

"சார் சொன்ன எடத்துலயே சுத்துதான் பாருங்கல!" கஸ்பார் கத்தினார். "இப்ப இங்க வந்துருவான்!"

எல்லாரும் சட்டையைக் கழற்றி ஆட்டினார்கள்.

அவனும் கழற்றி ஆட்டினான்.