தசைன் வந்தால் ஒரு சாவு

தசைன் பண்டிகை வந்தால் போதும், எங்கள் மாடியில் குடியிருக்கும் நவராஜ் வீட்டில் யாராவது செத்துவிடுவார்கள். முதல் வருஷம் தாத்தா, போன வருஷம் பெரியப்பா. பெரியவர்கள் கையால் சிவப்புத் திலகம் வாங்காத நெற்றியை அன்றைக்கு நேபாளத்தில், எங்கள் பொக்ரா ஊரில் பார்க்க முடியாது, சாவுத் துக்கம் காப்பவர்களுடையதைத் தவிர.

"இந்தத் தடவை யாருப்பா?"

"எங்க மாமா போயிட்டாருக்கா."

"எந்தச் சாவுக்கும் நீ ஊருக்குப் போகலியே! அங்க என்ன பண்ணிட்டு இங்க வந்து ஒளிஞ்சிருக்க?"

அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"சாகறதுக்கு எனக்கு யாருமே இல்லக்கா. துக்கம்னு சொல்லிட்டா, ஏன் வெறும் நெத்தியோட திரியறேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

திலகத்துக்குக் குங்குமமும் தயிரும் சேர்த்துக் குழைத்துவைத்த அரிசியை விரலில் அள்ளினேன்.

"குனிடா. அடுத்த தசைனுக்கு எவனையாவது சாகடிச்சே, வீட்டைக் காலி பண்ண வச்சிடுவேன்."