கட்டிலுக்கு அடியில்

“இன்னும் கட்டிலுக்கு அடியிலதானா?” என்று கேட்டாள் யுஸ்ரா.

“அங்கேயேதான். வந்து ஒரு வாரமாகப் போகுது,” என்றாள் லுப்னா.

துனிஸ் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் நடத்தையையும் நலனையும் படிக்க இருவரும் அந்த வருடம்தான் சேர்ந்திருந்தார்கள். யோசனை சொல்ல யுஸ்ராவுக்கு அலுக்கவே அலுக்காது.

“நீ கையை நீட்டித் தொலைச்சிருப்பே.”

“முதல் நாள் நீட்டினேன். நல்லா கடி வாங்கினேன்.”

“வகுப்புல என்னடி படிச்சோம்? கண்ணைப் பார்க்காதே. சாப்பாட்டை வச்சுட்டு, முதுகைக் காட்டித் தரையில உக்காரு. கிட்ட வரலாமா வேணாமான்னு நீ முடிவு பண்ணக் கூடாது.”

இரண்டு நாள் கழித்து லுப்னா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

“நேத்து டூனா மீன் வச்சுட்டுத் திரும்பி உக்கார்ந்தேன். தட்டு காலி. அப்புறம் என் முதுகுல சாய்ஞ்சு ஒரே தூக்கம்.”

“பார்த்தியா. பேர் என்ன வச்சே?”

“நான் எங்கே வச்சேன்? அவ அம்மா வச்ச பேர்தான், சிரின். அவங்க போன வருஷம் தவறிட்டாங்க. அத்தை வீட்டுல இருந்தா. முனீரோட பொண்ணு. நான் அவரைக் கட்டிக்கிட்டதும் கூட்டிட்டு வந்துட்டோம். ஆறு வயசு.”

யுஸ்ரா, பூனைக்கென்று வாங்கி வந்திருந்த மணி வைத்த கழுத்துப்பட்டையைச் சத்தமில்லாமல் பைக்குள் ஆழமாகத் தள்ளினாள்.

“அம்மான்னு கூப்பிடுறாளா?” என்று மெல்லக் கேட்டாள்.

“கூப்பிடச் சொல்லி அவர் ஆரம்பிச்சார். நான்தான் தடுத்துட்டேன்,” என்றாள் லுப்னா. “கிட்ட வரலாமா வேணாமான்னு அவதானே முடிவு பண்ணணும்?”