ஓசி மெக்கானிக்

"மச்சான், உங்க அக்காவோட தையல் மிஷின் மக்கர் பண்ணுது. கொஞ்சம் பாரேன்."

மாமா இப்படிச் சொன்னதும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவின் கணவர். மருந்துக் கடை வைத்திருக்கிறார். வீட்டில் தங்க வைத்து, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கவும் வைக்கிறார். அந்த நன்றி அவனுக்கு இருக்கத்தான் செய்தது. அதற்காக இப்படியா பிழிவது? லீவு விட்டதிலிருந்து மேஜை ஃபேன், வாஷிங் மிஷின், ஸ்கூட்டர் என்று வரிசையாக அவன் தலையில்தான் விடிந்தது. இப்போது தையல் மிஷின்.

"மாமா, இன்னிக்குத்தான் கடைசி நாள். சாயங்காலத்துக்குள்ள காலேஜ் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாத்தான் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற முடியும். இருக்கறதா, போறதான்னே தெரியாம மண்டை காயுது எனக்கு."

"சாயங்காலம்தானே? அதுக்குள்ள இதைப் பார்த்துடலாமே!"

"வெளியில ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா என்னவாம்?"

"நல்லா இருக்கே! வீட்டுக்குள்ள இன்ஜினியரை வெச்சுக்கிட்டு வெளியில எதுக்குத் தண்டம் அழறது?"

கஞ்சன் என்று வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

முதல் வருஷம் முடிந்ததிலிருந்தே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். மீதி மூன்று வருஷத்தை எப்படி ஓட்டுவது என்று ஆளாளுக்கு ஒரு திட்டம் வைத்திருந்தார்கள்.

"இப்பவே அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்க ஆரம்பி" என்றார் சித்தப்பா.

"ரேஸ் கார் டீம்ல சேரலைன்னா நீ மெக்கானிக்கல் பையனே இல்லடா" என்றான் ஒரு சீனியர்.

"அந்த டீம்ல சேர்ந்துதான் நான் மூணு பேப்பர் கோட்டை விட்டேன்" என்றான் அதே சீனியரின் ரூம்மேட்.

"டிசைன் சாஃப்ட்வேர் கத்துக்கோ" என்றார் பேராசிரியர்.

"எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறிடு" என்றார்கள் நண்பர்கள்.

யார் சொன்னதைக் கேட்டாலும் அது சரியாகவே பட்டது. அதுதான் வம்பு. மாமாவிடமும் கேட்டுப் பார்த்தான். "எனக்கு மாத்திரை பேரு தாண்டி என்னப்பா தெரியும்?" என்று நழுவிவிட்டார். யோசனை சொல்ல வராது, வேலை வாங்க மட்டும் நன்றாக வரும்.

மிஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தது. பாபினைக் கழற்றிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. நூலின் இறுக்கம் சரி. அடியில் தகட்டைப் பிரித்தான், எண்ணெய் விட்டான், மறுபடி ஓட்டினான். அதே கதைதான். கடைசியில் ஊசியைப் பார்த்தான். தட்டையான பக்கம் பின்னால் இருக்கவேண்டியது, முன்னால் இருந்தது. திருப்பி மாட்டி ஓட்டினான். பிசிறில்லாமல் ஒரே கோடாகத் தையல் விழுந்தது. தன்னை அறியாமல் விசில் அடித்துக்கொண்டிருந்தான்.

விசில் பாதியில் நின்றது. ஊசி எப்படித் தானாகத் திரும்பும்?

தினமும் தைக்கிற அக்காவுக்கா இது தெரியாமல் போகும்?

யோசித்துப் பார்த்தான். ஃபேனில் ஒரு ஸ்க்ரூ கழன்றிருந்தது. வாஷிங் மிஷினில் பின்பக்கக் குழாய் கழன்றிருந்தது. ஸ்கூட்டரில் பிளக் ஒயர். ஒன்றாவது தேய்ந்திருந்ததா? எரிந்திருந்ததா? உடைந்திருந்ததா? இல்லவே இல்லை. எல்லாம் கழன்றவைதான். எந்த மிஷினும் இப்படி ஒழுங்காகப் பழுதாகாது.

"மாமா! இதுல கை வெச்சது யாரு?"

மாமா சீலிங்கைப் பார்த்தார். அக்கா தைக்க வைத்திருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எல்லாமே நீங்கதானா? நான் என்ன பண்றதுன்னு தெரியாம தவிச்சுக்கிட்டிருக்கேன், உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

"கோவிச்சுக்காத மச்சான். பத்து பேர் பத்து சொல்லி உன்னைக் குழப்பி வெச்சிருந்தாங்க. நான் வேற பதினொண்ணாவதா எதுக்கு? ஆனா ஒண்ணு கவனிச்சேன். படிப்புப் பேச்சை எடுத்தாலே உன் மூஞ்சி தொங்கிப் போகுது. எதையாவது பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தா, சாப்பிடக் கூப்பிட்டாக்கூடக் காதுல விழறதில்ல. அதை நான் சொல்லி நீ நம்பறதைவிட, நீயே பார்த்துட்டா நல்லதுன்னு நினைச்சேன்." ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார். "ஆபீஸ் மூட இன்னும் நேரம் இருக்கு. மாறணும்னு தோணுச்சுன்னா தாராளமாப் போய் எழுதிக் குடுத்துட்டு வா. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அவனுக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அடுத்த வருஷம் என்ன பண்ணணும், அதுக்கடுத்த வருஷம் என்ன பண்ணணும்னு இன்னும் ஒரு மண்ணும் புரியல மாமா. ஆனா நான் மாறலை. மெக்கானிக்கல்லயே இருக்கேன்."

மாமா சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது சரி, பல்பு மாத்தவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடற ஆளு நீங்க. இதையெல்லாம் எப்படிக் கழட்டினீங்க?"

மாமா அசடு வழிந்தார். அக்காதான் சொன்னாள்.

"ஏண்டா கேக்கற! சாயங்காலம் கடையைச் சீக்கிரமே சாத்திட்டு மெக்கானிக் ஷெட்டுல போய் உட்கார்ந்து, எதைக் கழட்டினா உன்னால திரும்ப மாட்ட முடியும்னு டியூஷன் படிச்சுட்டு வந்தாருடா இந்தக் கஞ்ச மாமா. ஃபீஸ் கட்டி!"