பத்து மாத்திரை

"பத்து மாத்திரையா? ஒரே நாள்லயா?"

லிசா தோள்பையைக்கூடக் கழற்றவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் ஷிப்ட் சாயங்காலம் முடிந்ததும், டாடிக்குக் காய்ச்சல் என்று அம்மா விக்டோரியா போனில் சொன்னதால், நேரே பெங்களூர் ஹெப்பாளில் இருக்கும் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள்.

"பத்து ஆச்சுன்னு உங்க டாடிதான் எண்ணிச் சொன்னாரு. நான் நாலுதான்டீ குடுத்தேன்," என்றாள் விக்டோரியா. "காலைல ஏழு மணிக்கு ஒண்ணு. காய்ச்சல் இறங்கவே இல்ல. அதான் மூணு மணி நேரத்துக்கு ஒண்ணுன்னு குடுத்தேன்."

அவள் நீட்டிய பழைய பிஸ்கட் டப்பாவில் வெட்டின துண்டுகளாக மாத்திரைகள் கிடந்தன. ஒரு துண்டில் பாதிப் பெயர் மிச்சம் இருந்தது. லிசாவுக்கு அது போதும். பாராசிட்டமால் அறுநூற்றைம்பது.

"மிச்சம் ஆறு யாரு குடுத்தது?"

அண்ணன் ஜேக்கப் மாடியிலிருந்து இறங்கி வந்தான். இன்று வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. "நான்தான். மெடிக்கல்ல காய்ச்சல், சளின்னு சொன்னேன். செட் போட்டுக் குடுத்தாங்க. வேளைக்கு ரெண்டு. காலைல, மத்தியானம், இப்ப கொஞ்சம் முன்னாடின்னு மூணு வேளை ஆச்சு."

"மம்மிகிட்ட சொன்னியா?"

"மீட்டிங் நடுவுல இறங்கி வந்து குடுத்துட்டுப் போனேன். காய்ச்சல் மாத்திரைதானே லிசா. டாக்டர் சீட்டுகூட கேக்க மாட்டாங்க."

"சீட்டு கேக்கலன்னா அது மருந்து இல்லன்னு ஆயிடுமா அண்ணா?"

ஜேக்கப் கொடுத்த காகிதக் கவரைக் கவிழ்த்தாள். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. மெடிக்கலுக்கே போன் போட்டுக் கேட்டாள். வெள்ளை காய்ச்சலுக்கு, அதே பாராசிட்டமால் அறுநூற்றைம்பது. மஞ்சள் சளிக்கு, ஆனால் அதிலும் பாராசிட்டமால் ஐந்நூறு இருக்கிறதாம்.

லிசா விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடிந்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"ஆறு கிராம். நல்லா இருக்கிற ஆளே ஒரு நாளைக்கு நாலைத் தாண்டக் கூடாது. டாடிக்கு எழுபத்திரண்டு வயசு."

"இப்ப என்னடீ ஆகும்?"

"வெளிய ஒண்ணும் தெரியாது. ரெண்டு நாள் சாதாரணமா நடமாடுவாங்க. அதுக்குள்ள ஈரல் கெட்டுப் போயிடும். சீக்கிரம் போனா முறிமருந்து இருக்கு. அண்ணா, ஆட்டோ கூப்பிடு."

ஜேக்கப் தெருமுனை ஆட்டோக்காரரைப் போனில் அழைத்து, கன்னடத்தில் சீக்கிரம் வரச் சொன்னான். "நஞ்சுண்டசாமி அண்ணா, ஆஸ்பத்திரிக்கு. பேக பன்னி."

லிசா உள்ளறைக்கு ஓடினாள். அப்பா எட்வர்ட் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது. பத்து மாத்திரைக்குப் பிறகும் இப்படிக் கொதிப்பதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"வாந்தி எடுத்தாரா மம்மி? வயிறு வலிக்குதுன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. குடுத்ததையெல்லாம் கை நீட்டி வாங்கிக்கிட்டாரு. கஞ்சிதான் பாதி வெச்சுட்டாரு. அதை தேவம்மாவுக்குக் குடுத்துட்டேன்." விக்டோரியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என் கையாலயே குடுத்தேனே லிசா."

அந்த வீட்டில் மிச்சம் என்று எது விழுந்தாலும் தேவம்மாவுக்குத்தான். கஞ்சி, புடவை, உடைந்த குடை எல்லாம். காலை ஏழிலிருந்து மாலை ஆறுவரை அங்கே வேலை செய்கிறவள். இப்போது எல்லாரும் கூடத்துக்குத் திரும்பியதும் காபி டம்ளர்களோடு வந்தவள், லிசாவின் முன்னால் தட்டை வைக்கும்போது பாதிக் காபியைக் கொட்டிவிட்டாள்.

"பாத்து வைக்கக் கூடாதா?" விக்டோரியாவின் கவலையெல்லாம் கோபமாகி அவள்மேல் பாய்ந்தது. "காலைலேர்ந்து இப்படித்தான். மத்தியானச் சோறும் வேணாம்னுட்டா."

"மைகை நோவு, அம்மாவ்ரே..."

"உடம்பு வலி யாருக்குத்தான் இல்ல? இங்க உயிர் போற நேரத்துல நீ வேற. போ, போய்ப் பாத்திரத்தத் துலக்கு."

தேவம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

லிசா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லிவைத்தாள். மிச்ச மாத்திரைகளையும் காகிதக் கவரையும் பையில் போட்டுக்கொண்டாள். ஜேக்கப் அப்பாவைத் தூக்கிவரப் போனான்.

போன வேகத்தில் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். எட்வர்ட் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு தானே நடந்து வந்துகொண்டிருந்தார்.

"யாருக்கு ஆஸ்பத்திரி? வீடே அதிர்ற மாதிரி கத்திக்கிட்டு."

"டாடி, உக்காருங்க. உங்களுக்கு மாத்திரை ஜாஸ்தியாப் போயிடுச்சு. பத்து..."

"வாங்கினதுதான் பத்து. நான் ஒண்ணுகூட முழுங்கல."

ஜேக்கப் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

எட்வர்ட் நாற்காலியில் சாய்ந்தார். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த தோரணை காய்ச்சலிலும் குறையவில்லை. "உங்கம்மா டப்பாவுலேர்ந்து ஒரு துண்டு. இவன் கவர்லேர்ந்து ரெண்டு. ஒண்ணுலயும் முழுப்பேர் இல்ல, தேதி இல்ல. என்னன்னே தெரியாம வாயில போட நான் என்ன முட்டாளா? வேணாம்னா உங்கம்மா அழுவா. அதான் வாங்கி வெச்சுக்கிட்டேன்."

விக்டோரியா சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். ஜேக்கப் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். லிசாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதனால்தான் காய்ச்சல் இறங்கவில்லை. அப்பாடா என்று பையைக் கழற்றி வைத்தாள்.

"சரி டாடி, அந்த மாத்திரைய எல்லாம் எங்க போட்டீங்க?"

"எதுக்குப் போடணும்? காசு குடுத்து வாங்கினது. வீணாக்குவேனா?" எட்வர்ட் பெருமையாகச் சொன்னார். "தேவம்மாவும் காய்ச்சல்னு சொன்னா. வந்ததையெல்லாம் அப்பப்ப அவகிட்டயே குடுத்துட்டேன். பாவம், பத்தையும் என் முன்னாலயே போட்டுக்கிட்டா."

வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அதில் ஏற வேண்டியவள் அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.