தானே நின்ற மோட்டார்

மோட்டார் கொட்டகை வாசலில் நிமிர்ந்து நிற்கிறேன். வெயில் தகரக் கூரையில் ஏறிவிட்டது. குழாய் வாயில் தண்ணீர் நுரைத்து விழுந்து, வாய்க்காலில் பழுப்பாக ஓடுகிறது. மோட்டாரைப் போட்டது நான் இல்லை. எங்கோ நகரத்தில் அலுவலக மேசையில் உட்கார்ந்தபடி மகள் தன் செல்போனில் போட்டிருக்கிறாள். வயலில் நட்டிருக்கும் கருவி, மண்ணின் ஈரத்தை அவளுக்குத்தான் சொல்கிறது. எங்கள் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று வீட்டின் பெரியவர்தான் சொல்வது வழக்கம். அப்பா இருந்தவரை அப்பா, பிறகு நான். அதனால்தான் வேலை இல்லாவிட்டாலும் தினமும் வந்து நிற்கிறேன். மூட்டு விண்விண்ணென்று வலிக்கிறது. உட்கார்ந்தால், வரப்பில் புல் அறுக்கும் பக்கத்து வயல்காரர் பார்த்துவிடுவார்.

"என்ன அண்ணே, மோட்டாருக்குக் காவலா? பாப்பா அங்க இருந்தே ஓட்டுதாமே!"

"யார் சொன்னா? நான் சொல்லாம அவ போட மாட்டா."

அவர் சிரித்துக்கொண்டே குனிகிறார். அந்த நேரம் பார்த்து மோட்டார் ஒருமுறை முனகிவிட்டுத் தானே நின்றுபோகிறது. திடீர் அமைதியில் குழாய் சொட்டுவதுகூடக் கேட்கிறது. அவர் தலையைத் தூக்குவதற்குள் கையை உள்ளே நீட்டி ஸ்விட்சின் மேல் வைத்துக்கொள்கிறேன்.

"நிறுத்திட்டீங்களா அண்ணே?"

"ஆமா. ஈரம் போதும்."

வாசலை ஒட்டிய வயல் மண்ணில் கால் விரலை அழுத்திப் பார்க்கிறேன். உண்மையிலேயே போதும், மகள் சரியாகத்தான் நிறுத்தியிருக்கிறாள். அவர் இன்னும் குனியவில்லை. கையை எடுக்காமல் நிற்கிறேன்.