எந்த மாற்றமும் செய்யப்படவில்லை

திரையில் வட்டம் மறுபடி சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நீல வெளிச்சத்தில் கணவரின் நெற்றி வேர்வை பளபளக்கிறது. ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி அவள் பின்னால் நிற்கிறாள். "வைரஸும்மா. எல்லாத்தையும் அழிச்சு, வாங்கினப்ப இருந்த மாதிரி ஆக்கிட்டா சரியாயிடும்" என்கிறார். இந்தக் கம்ப்யூட்டரை ஒருநாளும் தூசி தட்டாத மனுஷன். நேற்று அவள் "இதுல இருக்கற உங்க பழைய போட்டோவெல்லாம் பாக்கணும்" என்றாள். இன்று வைரஸ் வந்துவிட்டது. "ஃபேன் ஓடுது, இப்படி வேர்க்குதே?" அவர் திரும்பவில்லை, மௌஸ் மேல் விரல் தாளம் போடுகிறது. சிபியூ பெருமூச்சு விட்டு அடங்குகிறது. திரையில் வருகிறது: 'மீட்டமைப்பதில் சிக்கல். எந்த மாற்றமும் செய்யப்படவில்லை.' "அப்படின்னா?" "ஒண்ணும்... அழியலையாம்." அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். "நல்லதாப் போச்சு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."